இரண்டு வருட மனோதத்துவப் படிப்பு: லாபமா, நஷ்டமா?

பட்டம் வாங்கினால் பணம் வரும். உலகம் எங்கும் பெற்றோர் இப்படித்தான் நம்புகிறார்கள். நகையை விற்றாவது, நிலத்தை அடகு வைத்தாவது பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள்.

ஆனால், எல்லாப் பட்டமும் ஒரே விலைக்குப் போவது இல்லை. ஒரு பட்டம் கை நிறையச் சம்பளம் கொண்டு வருகிறது. இன்னொரு பட்டம் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட மட்டுமே உதவுகிறது.

பணக்கார நாடான அமெரிக்காவிலும் இந்தக் கவலை இருக்கிறது. அங்கே ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஒரு படிப்பை விரும்பிச் சேருகிறார்கள். அதுதான் சமுதாயக் கல்லூரியில் நடக்கும் 2 வருட மனோதத்துவப் படிப்பு. (உளவியல் என்றும் சொல்வார்கள்.)

அதற்கு ஆகும் செலவு என்ன? அதனால் வரும் வரவு என்ன? அந்தப் படிப்பில் சேரலாமா, கூடாதா? கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஏழைகளின் கல்லூரி

அமெரிக்காவில் 12-ம் வகுப்போடு பள்ளிக்கூடப் படிப்பு முடிகிறது. பிறகு பல்கலைக்கழகத்தில் 4 வருடம் படித்தால் பி.ஏ. போன்ற முழுப் பட்டம் கிடைக்கும்.

அந்த 4 வருடத்தில் முதல் 2 வருடப் பாடங்களைக் குறைந்த செலவில் சொல்லிக் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. அவற்றுக்குத்தான் "கம்யூனிட்டி காலேஜ்" என்று பெயர். அதாவது, சமுதாயக் கல்லூரி. அங்கே 2 வருடம் படித்து முடித்தால் "அசோசியேட்" பட்டம் தருவார்கள். அரைப் பட்டம் என்று சொன்னால் எளிதில் விளங்கும். கைத்தொழில் படிப்புகளும் அங்கே உண்டு.

இந்தக் கல்லூரிகள் நேற்று முளைத்தவை அல்ல. 1901-ம் ஆண்டு இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 6 மாணவர்களோடு ஒரு கல்லூரி தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர் அதற்குத் துணை நின்றார். அரசாங்கப் பணத்தில் நடக்கும் 2 வருடக் கல்லூரிகளில் மிகப் பழையது அதுதான்.

இரண்டாவது உலகப்போர் முடிந்து, போர் வீரர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் படிக்க 1944-ம் ஆண்டுச் சட்டம் பண உதவி செய்தது. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த கமிஷன், "நாடு முழுவதும் இத்தகைய கல்லூரிகள் வேண்டும்" என்று யோசனை சொன்னது. இன்று ஏறக்குறைய 1,000 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன.

பள்ளிப் படிப்பை முடித்தவர் எவரும் பெரும்பாலும் அங்கே சேர்ந்துவிடலாம். கடைச் சிப்பந்தி வருகிறார். கைக்குழந்தைக்காரி வருகிறாள். பட்டாளத்தில் இருந்து வந்தவர் வருகிறார். வேற்று நாட்டில் இருந்து குடியேறியவரின் மகள் வருகிறாள். பகலில் வேலை செய்து, இரவில் படிப்பவர்களும் உண்டு.

ஏன் மனோதத்துவம்?

மனித மனத்தை ஆராயும் சாஸ்திரம் மனோதத்துவம். 1879-ல் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் வில்லெம் உண்ட் என்பவர் இதற்கென்று ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். அதில் இருந்து அது தனிப் பாடமாக வளர்ந்தது.

இன்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் 1,20,000-க்கு மேற்பட்டவர்கள் மனோதத்துவத்தில் முழுப் பட்டம் பெறுகிறார்கள். சமுதாயக் கல்லூரிகளிலும் இந்தப் பாடத்துக்குக் கூட்டம் அதிகம்.

காரணம் என்ன? இது வாழ்க்கையோடு ஒட்டிய பாடம். குழந்தை ஏன் அடம் பிடிக்கிறது? குடிகாரன் ஏன் குடியை விட முடியவில்லை? நன்றாக இருந்தவர் ஏன் திடீரென்று எதிலும் பிடிப்பு இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இந்தப் பாடம் பதில் தேடுகிறது.

வீட்டில் ஒருவர் மன நோயால் துன்பப்பட்டதைக் கண்ட பிள்ளைகள், "நாமும் நாலு பேருக்கு உதவ வேண்டும்" என்று நினைத்து இதில் சேருகிறார்கள். அது நல்ல எண்ணம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், நல்ல மனம் வேறு. சரியான கணக்கு வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் குடும்பம் பிழைக்கும்.

கட்டணம் எவ்வளவு?

கணக்கைப் பார்க்கும் முன் ஓர் எச்சரிக்கை. டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. அங்கே டாலரில் சம்பாதிக்கிறார்கள். டாலரில்தான் வாடகை கொடுக்கிறார்கள், ரொட்டி வாங்குகிறார்கள். எனவே டாலரை டாலரோடுதான் ஒப்பிட வேண்டும்.

2024-25-ம் கல்வி ஆண்டில், அந்தந்த வட்டாரத்து மாணவருக்கு, சமுதாயக் கல்லூரியின் சராசரிக் கட்டணம் 4,050 டாலர். சொந்த மாநிலத்து அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 11,610 டாலர். லாப நோக்கம் இல்லாத தனியார் கல்லூரி என்றால் 43,350 டாலர். எல்லாம் ஒரு வருடக் கட்டணம்.

வித்தியாசத்தைப் பாருங்கள்.

4 வருடமும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்தால் 46,440 டாலர் ஆகும். முதல் 2 வருடம் சமுதாயக் கல்லூரி, அடுத்த 2 வருடம் பல்கலைக்கழகம் என்றால் 31,320 டாலர்தான் ஆகும். மிச்சம் 15,120 டாலர். பட்டமோ ஒரே பட்டம். "இவர் முதல் 2 வருடம் எங்கே படித்தார்?" என்று பட்டத்தில் எழுதி இருக்காது.

கலிபோர்னியா மாநிலத்தில் இன்னும் மலிவு. அங்கே கட்டணம் ஒரு "யூனிட்"டுக்கு 46 டாலர். யூனிட் என்பது பாடத்தை அளக்கும் படி. 60 யூனிட் முடித்தால் அரைப் பட்டம். ஆக, மொத்தம் 2,760 டாலர்தான்.

ஏழைகளுக்கு "பெல்" உதவித்தொகையும் உண்டு. இதை மத்திய அரசாங்கம் கொடுக்கிறது. திருப்பிக் கட்ட வேண்டியது இல்லை. 2024-25-ல் இதன் உச்ச அளவு 7,395 டாலர். சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய பிறகும் புத்தகத்துக்கும், பஸ் சத்தத்துக்கும் இதில் மிஞ்சும். டென்னசி மாநிலம் 2015-ல் இருந்து பள்ளி முடித்த பிள்ளைகளுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணமே இல்லாமல் செய்திருக்கிறது.

இதோடு கணக்கு முடிந்தால், "மலிவுதானே? சேர்ந்துவிடு!" என்று சொல்லிவிடலாம்.

ஆனால் முடியவில்லை.

சுமைகூலி முக்கால் பணம்!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். இந்தப் படிப்பின் கதையும் அதுதான்.

கட்டணம் சுண்டைக்காய். சுமைகூலி எது? படிக்கும் காலத்துச் சாப்பாடு, வாடகை, பஸ், புத்தகம். இவற்றையும் சேர்த்தால் சமுதாயக் கல்லூரி மாணவரின் ஒரு வருடச் செலவு ஏறக்குறைய 20,000 டாலரைத் தொடுகிறது.

"படிக்காவிட்டாலும் சாப்பிடத்தானே வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவே சாப்பாட்டுச் செலவை விட்டுவிடலாம். அதற்குப் பதில், படிப்பதால் கைநழுவிப் போகும் கூலியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் மறந்துவிடும் செலவு இதுதான்.

ஓர் உதாரணம்.

18 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம். தகப்பனார் இல்லை. தாயார் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். பெண்ணுக்குக் கடையில் மணிக்கு 15 டாலர் கூலி கிடைக்கிறது. முழு நேரமும் வேலை செய்தால் வருடத்துக்கு 2,000 மணி நேரம். வருமானம் 30,000 டாலர்.

அவள் கல்லூரியில் சேர்ந்தால் பாதி நேரம்தான் வேலை செய்ய முடியும். வருமானம் 15,000 டாலராகக் குறைகிறது. ஆகவே வருடத்துக்கு 15,000 டாலர் நஷ்டம். 2 வருடத்துக்கு 30,000 டாலர்.

கட்டணத்தை உதவித்தொகை கட்டிவிட்டது. ஒரு காசு கூடக் கடன் இல்லை. இருந்தாலும் அந்தக் குடும்பம் 30,000 டாலர் விலை கொடுத்துத்தான் அந்த அரைப் பட்டத்தை வாங்குகிறது.

வேலை செய்துகொண்டே படிப்பவர்களில் பலர் 2 வருடத்தில் முடிப்பதும் இல்லை. 3 வருடம், 4 வருடம் ஆகிறது. இழுக்க இழுக்க விலை ஏறுகிறது.

வரவு என்ன?

இனி வரவைப் பார்க்கலாம்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன, முழு நேரமும் வேலை செய்கிறவர்களின் வாரச் சம்பளம் அதில் இருக்கும். அவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் சம்பளம் அது. 2023-ம் ஆண்டுக் கணக்கு இது:

பள்ளிப் படிப்பு மட்டும்: 899 டாலர்.

கல்லூரியில் சேர்ந்து, பட்டம் வாங்காதவர்: 992 டாலர்.

2 வருட அரைப் பட்டம்: 1,058 டாலர்.

4 வருட முழுப் பட்டம்: 1,493 டாலர்.

அதற்கும் மேலே எம்.ஏ. போன்ற பட்டம்: 1,737 டாலர்.

மேல் பார்வைக்கு, அரைப் பட்டக்காரருக்கு வாரம் 159 டாலர் அதிகம். வருடத்துக்கு 8,268 டாலர். "பரவாயில்லையே!" என்று தோன்றும்.

இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. அந்த 1,058 டாலர் எல்லா அரைப் பட்டக்காரர்களுக்கும் சேர்ந்த கணக்கு. அதில் நர்சு இருக்கிறாள். பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவர் இருக்கிறார். இவர்கள் சமுதாயக் கல்லூரியிலேயே படித்து, பரீட்சை எழுதி, லைசென்சு வாங்கி நேராக வேலைக்குப் போகிறவர்கள். 2023-ல் நர்சுகளின் நடுத்தரச் சம்பளம் வருடத்துக்கு 86,070 டாலர். பல் சுத்தம் செய்பவர்களுக்கு 87,530 டாலர். இவர்கள்தான் கணக்கைத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

மனோதத்துவ அரைப் பட்டத்துக்கு அப்படி ஒரு லைசென்சு இல்லை. "மனோதத்துவ அரைப் பட்டம் பெற்றவர் தேவை" என்று குறிப்பிட்டுக் கேட்கும் வேலையும் அரிது.

கிடைக்கும் வேலைகள் என்ன? சமூக சேவை நிலையங்களில் உதவியாளர் வேலை. மன நோய் மருத்துவமனையில் உதவியாள் வேலை. பேச்சு வராத, பழக முடியாத குழந்தைகளுக்குப் பழக்கம் கற்றுக் கொடுக்கும் வேலை.

சமூக சேவை உதவியாளரின் நடுத்தரச் சம்பளம் 2023-ல் 41,410 டாலர். இந்த வேலைக்குப் பெரும்பாலும் பள்ளிப் படிப்பே போதும். குழந்தைகளுக்குப் பழக்கம் கற்றுத் தரும் வேலைக்கும் அப்படியே. பள்ளிப் படிப்பும் 40 மணி நேரப் பயிற்சியும் பெற்று, தேர்வில் தேறி, பலர் அந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

அதாவது, 2 வருடம் படித்தவளும், படிக்காதவளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்! படித்தவளுக்கு மணிக்கு 1 டாலர் அதிகம் கொடுத்தால், வருடத்துக்கு 2,000 டாலர். இழந்த 30,000 டாலரை மீட்க 15 வருடம் ஆகும்.

அரைப் பட்டத்தோடு நின்றுவிட்டால், அந்தப் படிப்பு பண வகையில் நஷ்டம். இதை மூடி மறைப்பதில் பயன் இல்லை.

ஏணியின் மேல் படிகள்

ஆனால், கதை அதோடு முடிவது இல்லை. மனோதத்துவம் ஓர் ஏணி. கீழ்ப்படியில் காசு இல்லை. மேல் படியில் இருக்கிறது.

அரைப் பட்டம் முதல் படி. பல்கலைக்கழகத்தில் மேலும் 2 வருடம் படித்தால் முழுப் பட்டம். அதன் மேல் 2 அல்லது 3 வருடம் படித்து எம்.ஏ. போன்ற பட்டம் வாங்கினால், மனக்குறை உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லும் லைசென்சுக்கு முயலலாம். அதற்கும் பயிற்சி வேண்டும். கலிபோர்னியாவில் 3,000 மணி நேரம் பெரியவர்களின் மேற்பார்வையில் வேலை செய்து காட்ட வேண்டும்.

"மனோதத்துவ நிபுணர்" என்று பெயர்ப்பலகை மாட்டி, தனியே தொழில் செய்ய வேண்டுமானால், பெரும்பாலான மாநிலங்களில் டாக்டர் பட்டம் வேண்டும்.

போதை, மன நோய் ஆலோசகர்களின் நடுத்தரச் சம்பளம் 2023-ல் 53,710 டாலர். மனோதத்துவ நிபுணர்களுக்கு 92,740 டாலர். படி ஏற ஏறச் சம்பளம் ஏறுகிறது.

அந்த 18 வயதுப் பெண் முழுப் பட்டம் வரை போகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். 4 வருடத்தில் இழக்கும் கூலி 60,000 டாலர். கடைசி 2 வருடக் கட்டணம் 23,220 டாலர். உதவித்தொகை எதுவும் கழிக்காமல், மொத்தம் 83,220 டாலர்.

பள்ளிப் படிப்புக்கும் முழுப் பட்டத்துக்கும் சம்பள வித்தியாசம் வாரம் 594 டாலர். வருடத்துக்கு 30,888 டாலர். மனோதத்துவம் படித்தவர்களுக்கு ஆரம்பத்தில் சம்பளம் குறைவு. என்ஜினீயருக்குக் கிடைப்பது போல் கிடைக்காது. எனவே அந்த வித்தியாசத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 15,000 டாலர். அப்படிப் பார்த்தாலும் 6 வருடத்துக்குள் போட்ட முதல் திரும்பிவிடும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் லாபம்.

இது வரியும் வட்டியும் சேர்க்காத எளிய கணக்கு. ஆனாலும் வழி தெரிகிறது. 2 வருடத்தோடு நின்றால் 15 வருடம் கழித்துத்தான் முதல் வரும். 4 வருடம் முடித்தால் 6 வருடத்தில் வந்துவிடும்.

ஆகவே கேள்வி, "படிக்கலாமா?" என்பது அல்ல. "கடைசி வரை போக முடியுமா?" என்பதே கேள்வி.

பாதிக் கிணறு

இங்கேதான் வேதனையான செய்தி வருகிறது.

சமுதாயக் கல்லூரியில் சேருபவர்கள் 100 பேர் என்றால், ஏறக்குறைய 80 பேர் முழுப் பட்டம் வாங்கவே ஆசைப்படுகிறார்கள். 2024-ல் வெளியான ஆராய்ச்சிக் கணக்கின்படி, 6 வருடத்துக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேருபவர்கள் 100-க்கு 32 பேர். முழுப் பட்டம் வாங்குபவர்கள் 16 பேர்தான்.

ஆசைப்பட்டவர்கள் 80. அடைந்தவர்கள் 16!

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. ஒருவருடைய வேலை நேரம் மாறியது. ஒருவர் கார் பழுதாகி, கல்லூரிக்குப் போகும் வழி அற்றுப் போனது. அறிவுக் குறைவால் விட்டவர்கள் கொஞ்சம். பணக் குறைவாலும், நேரக் குறைவாலும் விட்டவர்கள் நிறைய.

இன்னொரு குழியும் உண்டு. சமுதாயக் கல்லூரியில் படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள வேண்டும். "இந்தப் பாடம் எங்கள் பாடத்துக்கு ஈடு அல்ல" என்று தள்ளிவிட்டால், மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் படிக்க வேண்டும். 

அமெரிக்க அரசாங்கத்தின் தணிக்கை நிலையம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை ஒரு கல்லூரியில் இருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறியவர்கள், தாங்கள் முடித்திருந்த பாடங்களில் சராசரியாக 100-க்கு 43 பங்கை இழந்தார்கள் என்று அது மதிப்பிட்டது. 60 யூனிட்டில் 26 யூனிட் போவது போல! கிட்டத்தட்ட ஒரு வருட உழைப்பு குப்பைக் கூடைக்குப் போகிறது.

பெல் உதவித்தொகையும் அமுதசுரபி அல்ல. முழு நேரப் படிப்புக்கு 12 அரையாண்டுகள்தான் கொடுப்பார்கள். அதாவது 6 வருடம். வீணான பாடங்களில் அது செலவாகிவிட்டால், பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் கை வறண்டுவிடும். பிறகு கடன்தான்.

கடன் வாங்கிப் பட்டம் வாங்கியவர் எப்படியாவது கட்டிவிடுகிறார். கடன் வாங்கி, பட்டமும் வாங்காமல் நின்றவர்தான் தவிக்கிறார். அவருக்குக் கடன் உண்டு. சம்பள உயர்வு இல்லை. இந்தக் கடனை மஞ்சள் கடுதாசி கொடுத்துத் தீர்ப்பதும் அங்கே எளிது அல்ல.

பாதிக் கிணறு தாண்டியவன் கதை இதுதான்.

யார் பொறுப்பு?

"புத்தி இல்லாமல் இந்தப் பாடத்தில் சேர்ந்தாள்" என்று அந்தப் பெண்ணைப் பழிப்பது சுலபம். அது நியாயம் ஆகாது.

அவளுடைய தாய் கல்லூரி வாசலை மிதித்தது இல்லை. யூனிட் என்றால் என்ன, எந்தப் பாடம் செல்லும், எது செல்லாது என்று வீட்டில் சொல்ல ஆள் இல்லை. கல்லூரியில் ஆலோசனை சொல்பவர் இருக்கிறார். அவருக்கு எதிரே நூற்றுக்கணக்கானவர்கள் காத்து நிற்கிறார்கள்.

சந்தையில் சேலை விற்பவன் கூட "இது சாயம் போகும், இது போகாது" என்று சொல்லி விற்கிறான். கல்லூரி சொல்ல வேண்டாமா? "இந்த அரைப் பட்டம் தனியாக நின்றால் வேலை தராது. மேலே போனால்தான் பயன். மேலே போக இன்ன பாடம், இன்ன வரிசையில் படிக்க வேண்டும்." இதை முதல் நாளே, முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அது கல்லூரியின் கடமை.

சில இடங்களில் நல்ல வழி பிறந்திருக்கிறது. கலிபோர்னியா 2010-ல் ஒரு சட்டம் செய்தது. அதன்படி வகுத்த பாடத் திட்டத்தில் 60 யூனிட் முடித்து, தகுந்த மார்க்கும் வாங்கினால், மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஒன்றில் இடம் உறுதி. மேலும் 60 யூனிட் படித்தால் முழுப் பட்டம். மனோதத்துவமும் அந்தத் திட்டத்தில் உண்டு. கேட்ட ஊரிலேயே இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், படித்த பாடம் வீணாகாது.

அந்தத் திட்டத்தில் புள்ளியியல் கட்டாயப் பாடம். ஆராய்ச்சி முறையும் கட்டாயம். மனோதத்துவம் என்றால் கதை பேசுவது என்று நினைத்து வருபவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். கணக்குக்குப் பயந்து இந்தப் பாடத்துக்கு ஓடி வந்தவரை, கணக்கு இங்கேயும் விடாது!

யார் சேரலாம்?

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மூன்று விதமானவர்களுக்கு மூன்று பதில் கிடைக்கிறது.

முழுப் பட்டம் வாங்கியே தீருவது என்று உறுதி உள்ளவர், வீட்டில் ஓரளவு ஆதரவும் உள்ளவர், சேரலாம். அவருக்கு இதை விட மலிவான வழி இல்லை. முதல் 2 வருடத்தில் 15,000 டாலரை மிச்சப்படுத்துவது சிறிய காரியம் அல்ல.

2 வருடத்தில் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர், வேறு பாடத்தைப் பார்ப்பது நல்லது. நோயாளிக்கு உதவ வேண்டும் என்ற ஆசை இருந்தால், அதே கல்லூரியில் நர்சு படிப்பு இருக்கலாம். இடம் கிடைப்பது கடினம்தான். கிடைத்தால் வாழ்வு உறுதி. கலிபோர்னியாவில் மன நோய் மருத்துவமனைகளில் வேலை செய்வதற்கென்றே லைசென்சு உள்ள ஒரு தொழில் இருக்கிறது. அதற்கான பயிற்சியைச் சில சமுதாயக் கல்லூரிகளே தருகின்றன. மனோதத்துவ ஆசையும் நிறைவேறும், அடுப்பும் எரியும்.

முன்பே ஒரு வேலையில் இருப்பவர், அறிவு வளர வேண்டும் என்பதற்காக ஒரு பாடம், இரண்டு பாடம் படிக்கலாம். போலீசுக்காரர், பள்ளி ஆசிரியை, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர் ஆகியோருக்கு மனித மனம் பற்றிய அறிவு நல்ல துணை. அதற்குப் பட்டம் தேவை இல்லை.

சேரும் முன்...

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் எந்தக் குடும்பமும், பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகிறோம்? அதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு: நான் படிக்கும் பாடங்களை அந்தப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளுமா? வாய் வார்த்தை போதாது. எழுத்தில் வாங்க வேண்டும்.

மூன்று: உதவித்தொகை எத்தனை அரையாண்டு மிச்சம் இருக்கிறது?

நான்கு: முழுப் பட்டத்துக்கு மேலும் படிக்கப் போகிறோமா? மனோதத்துவத்தில் முழுப் பட்டம் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மேல் பட்டத்துக்குப் போகிறார்கள். அதற்கு மத்திய அரசாங்கம் கொடுக்கும் கடனுக்கு 2025-ம் ஆண்டுச் சட்டம் உச்ச வரம்பு கட்டி இருக்கிறது. எம்.ஏ. போன்ற படிப்புக்கு, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, வருடத்துக்கு 20,500 டாலர். மொத்தம் 1,00,000 டாலர். அதற்கு மேல் ஆகும் செலவுக்கு வேறு வழி தேட வேண்டும்.

ஐந்து: நடுவில் நிற்க நேர்ந்தால் என்ன செய்வது? மறுபடி சேர வழி உண்டா?

இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தவர் தைரியமாகச் சேரலாம். தெரியாதவர், தெரிந்துகொண்ட பிறகு சேரலாம். ஒரு மாதம் தாமதம் ஆனால் குடி முழுகிவிடாது. ஆழம் தெரியாமல் காலை விட்டால்தான் ஆபத்து.

சம்பளம் மட்டுமா?

கடைசியாக ஒரு வார்த்தை.

பித்துப் பிடித்தவரின் கையைப் பிடித்து உட்கார வைப்பது லேசான வேலை அல்ல. பேசாத குழந்தையை ஒரு சொல் பேச வைக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். இந்த வேலைகளைச் செய்பவர்களுக்கு அந்தப் பணக்கார நாடு கொடுக்கும் சம்பளம் மிகக் குறைவு. படிப்பு நஷ்டமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் படிப்பு அல்ல, அந்தக் கூலிதான்.

இந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால், அதற்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் கை சுருங்குகிறது. அது மாற வேண்டும். கூலி உயர்ந்தால், இந்தக் கணக்கும் தானே மாறும்.

அதுவரை, சமுதாயக் கல்லூரியின் மனோதத்துவப் படிப்பு ஒரு படிக்கட்டு. அது வீடு அல்ல. ஏறிப் போகிறவருக்கு அது மலிவான படிக்கட்டு, நல்ல படிக்கட்டு. அதிலேயே குடியிருக்க நினைப்பவருக்கு மழைக்கும் வெயிலுக்கும் மறைவு கிடைக்காது.

மற்றவர் மனத்தைப் படிக்கப் போகும் பிள்ளைகள், முதலில் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் போகட்டும்!